கேட் மூடியிருந்தால்

தர்க்கம் படிக்காமல் இருந்திருந்தால் நான் ஒரு நல்ல கிராணியாக இருந்திருப்பேன். வெள்ளைக்காரத் துரை சொன்னதை எழுதி, மூன்று பிரதி எடுத்து, நாலரை மணிக்குக் குடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். யாருக்கும் என்னால் கேடு வந்திருக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோலாலம்பூரில் ரயில் பாதைகளைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் கிராணியாக, எழுத்து வேலையில் சேர்ந்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஊர்க்காரர் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஐவருக்கும் ஒரே பைத்தியம்தான். தபாலில் படித்து லண்டன் பரீட்சை எழுதவேண்டும், பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்ளவேண்டும். மற்றவர்கள் சட்டம், சரித்திரம் என்று போனார்கள். நான் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டேன். காலையில் கிணற்றடியில் என் முறை வரும்வரை, தோளில் துவாயும் கையில் பாடத்தாளுமாக நின்று படிப்பேன்.

முதலில் கிரேக்கர் முறை. எல்லாம், சில, எதுவுமில்லை என்கிற சொற்களை வைத்துக்கொண்டே அவர்கள் ஒரு கோட்டை கட்டியிருந்தார்கள். எல்லாக் கிராணிகளிடமும் குடை உண்டு, இவன் கிராணி, ஆகவே இவனிடமும் குடை உண்டு. இவ்வளவுதான். அடுத்தது 'ஆல்' வருகிற வாக்கியங்களின் தர்க்கம். மழை பெய்தால் தரை நனையும். தரை நனையவில்லை என்றால் மழை பெய்யவில்லை, இது சரி. தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்றால் பிழை. தெருவில் தண்ணீர் தெளிக்கும் வண்டி போயிருக்கலாம். படித்தவர்களே சறுக்குகிற இடம் இது என்று பாடத்தாள் எச்சரித்தது. நான் சறுக்கவில்லை. கடைசியில், அந்தக் காலத்தில் புதிதாக வந்துகொண்டிருந்த குறியீட்டுத் தர்க்கம். வாக்கியத்துக்குப் பதில் ஓர் எழுத்து, 'இல்லை' என்பதற்கு ஒரு சின்ன நெளிவு. மழையும் தரையும் போய், வெறும் எழுத்துக்கள் எழுத்துக்களைப் பெற்றுப் போட்டன. உலகத்தைத் திரும்பிப் பார்க்காமலே உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நம்பினேன். பாடம் அப்படிச் சொல்லவில்லை. வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, முதல் வாக்கியம் உண்மையாகவும் இருக்கவேண்டும் என்று முதல் தாளிலேயே இருந்தது. வாசித்தேன், அடிக்கோடும் போட்டேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவன் நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவன். தகப்பனிடம் சமஸ்கிருதத்தில் தர்க்க சாஸ்திரம் கொஞ்சம் படித்திருந்தான். நம்முடைய முறையில் ஐந்து படி என்பான். மலையில் நெருப்பு உண்டு. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுப்படியில் கண்டதுபோல. இந்த மலையிலும் அதே புகை. ஆகவே நெருப்பு உண்டு. தர்க்கத்துக்குள் அடுப்படிக்கு என்ன வேலை என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"உம்மடை கிரேக்கர் அடுப்படிப் பக்கமே போகாமல் சோறு தின்னுவினம் போலை," என்றான்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்த விபத்து நடந்தது. கிள்ளான் போகும் வழியில், சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு ரயில்வே கேட். பிற்பகல், பலத்த மழை. விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று தண்டவாளத்தில் நிற்க, ரயில் மோதியது. வண்டிக்காரரும் இரண்டு மாடுகளும் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து, கேட்டைத் திறந்துகொண்டு உடலைத் தூக்கினார்கள். ஆகவே அதிகாரிகள் வந்து பார்த்தபோது கேட் திறந்து கிடந்தது. மழையில் ரயில் ஓட்டியவரும் அதைக் கவனிக்கவில்லை. மோதும்போது அது மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பதுதான் விசாரணை.

கேட்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். கேட்டுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு குடிசை கொடுத்திருந்தார்கள். அவரும் மனைவியும் பன்னிரண்டு வருஷமாக அதில்தான் இருந்தார்கள். விசாரணையில் மொழிபெயர்த்ததும் நான், எழுதியதும் நான். எதைக் கேட்டாலும் அவர் ஒன்றையே சொன்னார்.

"மூடித்தாங்க இருந்துச்சு. வண்டி எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

துரைக்கு மனம் இரண்டாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லாத ஆள். எச்சரித்து விட்டுவிடலாமா என்று என்னிடமே வாய்விட்டுச் சொன்னார். சாட்சியங்களைச் சுருக்கி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். சுருக்கி மட்டும் கொடுத்திருக்கலாம். பந்திக்கு அழைத்தால் சமையலுக்கே போய் நிற்கிற ஆள் நான். அடியில் மூன்று வரி சேர்த்தேன்.

கேட் மூடியிருந்தால் வண்டி தண்டவாளத்துக்கு வந்திருக்காது. வண்டி வந்திருக்கிறது. ஆகவே கேட் மூடியிருக்கவில்லை.

துரை அதை இரண்டு முறை வாசித்தார். இதற்குப் பதில் கிடையாது என்றார். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வேலை நீக்கம், ஒரு வாரத்தில் குடிசையைக் காலி செய்யவேண்டும் என்று உத்தரவாயிற்று. கேட்காரரை அழைத்து அதைத் தமிழில் வாசித்துக் காட்டியதும் நான்தான். உத்தரவில் அப்படியே சேர்த்திருந்த என் மூன்று வரி, ஆங்கிலத்தைவிடத் தமிழில் இன்னும் கச்சிதமாக விழுந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா," என்றார். இன்னொரு தரம் சொன்னேன். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். படம் வரைகிறவன் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"மூடின கேட்டுக்குள்ளாலை வண்டி வராது எண்டு எங்கை கண்டனீர்?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அலுவலகத்திலிருந்து அந்தக் கேட்டுக்கு சைக்கிளில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை, துரையும் போகவில்லை. போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, பதில்தான் கையில் இருக்கிறதே.

பரீட்சை தேறினேன். தர்க்கத்தில்தான் அதிக மதிப்பெண்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்காக பஸ்ஸில் போனேன். அதே கேட்டில் பஸ் நின்றது. கேட் மூடியிருந்தது, புதிய கேட்காரன் கொடியோடு நின்றான். எங்களுக்குப் பின்னால் வந்த மாட்டு வண்டி ஒன்று நிற்காமல் சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கியது. ஆள் உயர லாலாங் புல்லுக்குள் நுழைந்தது. அங்கே சாலையோரக் கால்வாயை யாரோ எப்போதோ மண் கொட்டித் தூர்த்திருந்தார்கள். வேலிக் கம்புகள் இற்று விழுந்திருந்தன. வண்டி கேட் தூணைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, தண்டவாளத்தைக் கடந்து, எதிர்ப்பக்கம் அதேமாதிரி வெளியேறிப் போய்விட்டது. கேட்காரன் கத்தினான், வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் இது எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"வருஷக்கணக்கா இப்படித்தாங்க. அந்த விறகு வண்டிக்காரரு செத்ததும் இதே வழியிலதான்."

வடிவத்தில் பிழை இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதை எடுத்துக்காட்டாகவே போடலாம். முதல் வாக்கியம் பொய், அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தப் புல்லுக்குள் போய் நின்றேன். ஆழமாக, பழையதாக இரண்டு சக்கரத் தடங்கள் கிடந்தன. கல்யாணத்துக்குப் போகவில்லை.

மறுநாள் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த ஆளிடம் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் புதிதாக ஒரு வாக்குமூலம் வாங்கி வா, கேட்டை மூடினேன் என்று அவன் சொன்னால் போதும், வேலையைத் திருப்பிக் கொடுக்க நான் எழுதுகிறேன் என்றார். ஒரே ஒரு வாக்கியம். பன்னிரண்டு வருஷம் செய்த வேலையும் குடிசையும் அதில் இருந்தன. என் நிம்மதியும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

மூன்று ஞாயிறு தேடினேன். கடைசியில் கிள்ளானுக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில் கண்டுபிடித்தேன். மனைவி மண் சுமந்துகொண்டிருந்தாள். அவர் கொட்டகைக்குள் இருந்தார். பாதியாக இளைத்துப் போயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நான் வண்டித் தடத்தைப் பற்றிச் சொன்னேன், புல்லைப் பற்றி, தூர்ந்த கால்வாயைப் பற்றிச் சொன்னேன். தவறு உங்களுடையதல்ல, என்னுடையது என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு முறை எழுந்து போய், கொட்டகைப் படலைச் சாத்தியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் தாளை விரித்து, அன்றைக்குக் கேட்டை மூடினேன் என்று மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"இல்லீங்க ஐயா. நான் மூடல."

சேறு படிந்த கையோடு அவர் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"மூடினீங்க. நானும்தானே கூட வந்து தள்ளினேன், மழையில அது நகராம? ரெண்டு பேருமாத்தானே கொக்கியைப் போட்டோம்?" பிறகு என்னைப் பார்த்தாள். "என்னை யாருமே கேக்கலீங்க. தினமும் சொல்றேன், நம்ப மாட்டேங்கிறாரு."

கண்ணால் கண்ட சாட்சி ஒன்று அந்தக் குடிசையிலேயே இருந்திருக்கிறது. விசாரணை நடந்த இரண்டு நாளும் அவள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்தேன்.

அவள் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனேன். பெண்சாதி புருஷனுக்குச் சாதகமாகத்தானே சொல்வாள், அவனே மூடவில்லை என்கிறானே என்று துரை அதைக் கோப்பில் போட்டு மூடினார். பிறகும் இரண்டு முறை சூளைக்குப் போனேன், பயனில்லை.

சூளையில் முதல் நாள் கேட்காரர் மனைவிக்குச் சொன்ன பதில்தான் கடைசிவரை அவருடைய பதிலாக இருந்தது. கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"கேட் மூடியிருந்தா வண்டி வந்திருக்காது, புள்ள. வண்டி வந்துச்சே. அப்ப மூடலதானே?"

ஒரு வரி பிசகவில்லை. நான் வாசித்துக் காட்டிய அதே வரிசையில் சொன்னார்.