கண்மாய்ப் படகில் கண்ணுக்குத் தெரியாத வயர்

கரண்ட்டையும் தண்ணீரையும் கிட்டச் சேர்க்காதே என்று ஊரே சொல்லும்போது, இரண்டையும் ஒரே படகில் ஏற்றி அனுப்புவதுதான் என் தொழில்.

கப்பலூரில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். என் வீட்டுக்காரர் செல்வம் அங்கேயே ஒரு சின்ன ஷெட்டில் ஃபைபர் தொட்டி, ஃபைபர் படகு செய்கிறவர். கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர்கள் சத்தமில்லாத பேட்டரி மோட்டாருக்கு மாறத் தொடங்கியபோது, எங்கள் இரண்டு தொழிலும் ஒரே ஷெட்டுக்குள் வந்துவிட்டன. டிவிக்குப் பின்னால் தொங்குகிற வயரை மறைக்கப் படாத பாடு பட்டவர்களே, கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்கள் சுவராவது அசையாமல் நிற்கும்.

முதல் கிராக்கி

பேரையூர்ப் பக்கம் ஒரு கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்த கருப்பையா அண்ணன், எங்களிடம் வாங்கிய படகையே லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் ஷெட்டுக்கு வந்து இறங்கினார். நெற்றியில் பிளாஸ்திரி. முகத்தில் கோபம்.

விஷயம் இதுதான். படகின் முன்பக்கம் மோட்டார், பின்பக்கம் பேட்டரி. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் படகு அந்தப் பக்கம் அமுங்கிவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வயர் ஓட வேண்டும். உள்ளூரில் யாரோ அதைத் தரையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் வலையைச் சுழற்றி வீச, வலையின் ஈயக்குண்டு வயரில் மாட்ட, வலைக்குப் பதிலாக அண்ணன் தண்ணீருக்குள் போயிருக்கிறார். பேட்டரி முனை பிடுங்கிக்கொண்டு மோட்டாரும் நின்றுவிட்டது. கரையில் நின்ற கூட்டம் மொத்தமும் அதைப் பார்த்துச் சிரித்ததுதான் அவருக்கு நெற்றிக் காயத்தைவிட வலித்தது.

"என்ன செஞ்சு தரணும்ணே?" என்று கேட்டேன். அவர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார்: "வயரு இருக்கணும் தாயி. ஆனா இருக்கப்படாது."

சிம்மக்கல்லில் ஒரு சந்தேகம்

படகு மோட்டார் இழுக்கிற கரண்ட்டுக்கு வீட்டு வயரெல்லாம் தாங்காது. மெல்லிசாகப் போட்டால் வயர் சூடாகும். மோட்டாருக்குப் போக வேண்டிய பலம் வழியிலேயே செத்துவிடும். நல்ல கனமான, உப்புப் பூக்காத, ஈயம் பூசிய செம்பு வயர் வேண்டும். அதைத் தேடிச் சிம்மக்கல் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பெரியவர் உள்ளே போய், தூசி படிந்த ஒரு சுருளை உருட்டிக்கொண்டு வந்தார். நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, ஒரே துண்டாக வேண்டும் என்றதும், "எதுக்கும்மா இம்புட்டு நீளம்?" என்று கேட்டார். படகுக்கு என்றேன். அளந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, கடைக்கு வெளியே வைகை இருக்கிற திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆத்துல மாடு மேயுது. நீ எங்கிட்டும்மா படகு விடப்போற?"

மூக்கு வளைவு

வயரை எங்கே ஒளிப்பது என்பதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய சண்டை. தரையைத் துளைக்கலாம் என்றேன். தான் வார்த்த படகில் ஓட்டை போட்டால் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார் அவர். சண்டை சாப்பாட்டு நேரம் வரை நீண்டது. தூக்குவாளியைப் படகின் விளிம்பில் வைத்தபோது 'டொங்' என்று ஒரு சத்தம். தட்டிப் பார்த்தேன். கைப்பிடிக்காக உருட்டி வார்த்த அந்த விளிம்பு உள்ளே வெற்றாக, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு சுரங்கமாகக் கிடந்தது. "ஏங்க, வழி நீங்களே போட்டு வச்சிருக்கீங்க" என்றதும், சண்டையை மறந்து சிரித்துவிட்டார்.

வளைகிற பிளாஸ்டிக் பைப்பை அதற்குள் நுழைத்தோம். பைப் போனது. வயரை இழுக்க உள்ளே விட்ட கம்பிதான் போகவில்லை. படகின் மூக்கு வளைகிற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் விட்டோம், சோப்புத் தண்ணீர் விட்டோம், திருப்பினோம், திட்டினோம். மறுநாளும் அதே கதை. கருப்பையா அண்ணனின் தம்பி சின்னச்சாமி வந்து பார்த்துவிட்டு, "தரையிலயே போட்டுக் குடுத்துருங்கக்கா, அண்ணன் நீச்சல் பழகிக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் கார் கழுவும் கடை. அங்கே காருக்குள் தூசி உறிஞ்சுகிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது. பாலித்தீன் பையைக் கிழித்துச் சின்னப் பந்தாகச் சுருட்டி, தையல் நூலில் கட்டி, பைப்பின் ஒரு முனையில் வைத்தேன். கடைக்காரரை மெஷினோடு வரவழைத்து, மறுமுனையில் அதன் வாயை வைத்து ஓட்டச் சொன்னேன். நூல் கண்டு என் கையில் விர்ரென்று சுழன்றது. நிறுத்திப் பார்த்தால் பந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது! நூலில் கயிறு கட்டி இழுத்து, கயிற்றில் வயரைக் கட்டி இழுத்தோம். வயர் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நான் ஷெட்டுக்குள் குதித்த குதியில் செல்வம் பயந்துபோனார். கார் கழுவும் கடைக்காரர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "மெஷினு என்னுது, பேரு மட்டும் ஒங்களுக்கா?"

வெள்ளோட்டம்

கண்மாய்க்கரையில் அன்றைக்குச் சிரித்த அதே கூட்டம் திரும்பவும் கூடியிருந்தது. கருப்பையா அண்ணன் படகில் ஏறி ஸ்விட்சைத் தட்டினார். படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. "வயரே இல்லாம எப்பிடிப் போகுது?" என்று ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, குனிந்து படகுக்கு அடியில் தேடினார்.

நடுக் கண்மாயில் அண்ணன் எழுந்து நின்றார். வலையைத் தோளில் போட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் இடுப்பில் கை வைத்து, படகின் நடுவில் ராஜா மாதிரி நின்றார். கரையில் விசில் பறந்தது. சின்னச்சாமி கையைக் குவித்துக் கத்தினார்: "அண்ணே, இன்னைக்கு வலை மட்டுந்தான் விழுந்துச்சு!"

ஜவுளிக்கடைக்காரரின் ஆசை

அதற்குப் பிறகு படகுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுகிற ஒரு ஜவுளிக்கடைக்காரர் படகை வாங்க வந்தார். விளிம்பைத் தடவினார், தரையைத் தடவினார், வயர் எங்கும் தட்டுப்படவில்லை. திருப்திதானே என்றேன். முகம் வாடியிருந்தது. விளிம்பில் ஓர் இடத்தில் வெட்டி, சின்னதாக ஒரு கண்ணாடி பதித்துத் தர முடியுமா என்றார். எதற்கு என்று புரியாமல் விழித்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் மச்சினன் வருவாப்ல. நாம மறைச்சு வச்சிருக்கோம்னு அவருக்குத் தெரியணும்ல?"

அந்த மழை

ஐப்பசி அடைமழை. மத்தியானம் கருப்பையா அண்ணனிடமிருந்து போன். கண்மாய் நிரம்பி, நடுவிலுள்ள கருவேலந்திட்டில் மேயப்போன ஆடுகளும், அவற்றை ஓட்டிப்போன பேச்சியம்மாளும் மாட்டிக்கொண்டார்கள். திட்டு கரைந்துகொண்டிருக்கிறது. ஆட்டை ஏற்றினால் துடுப்புப் போட இடமில்லை. மிச்சத் தண்ணீர் பாய்கிற கலுங்குப் பக்கம் இழுப்பு வேறு. மோட்டார்தான் கதி. ஆனால் படகுக்குள்ளேயே கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. "ஓட்டலாமா தாயி? சொல்லு."

வயர் போகிற பாதை முழுவதையும் மனசுக்குள் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒட்டே கிடையாது. இரண்டு முனையும் பசை உருக்கி மூடியது. பேட்டரி மேடையின் மேல் இருக்கிறது. ஏதாவது கோளாறு என்றால் அதன் பக்கத்திலேயே உள்ள ஃபியூஸ் கரண்ட்டை அறுத்துவிடும். "ஓட்டுங்கண்ணே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உட்கார முடியவில்லை. செல்வத்தின் பைக்கில் நனைந்துகொண்டே போனோம்.

கரையில் போய் நின்றபோது, மழைத்திரைக்குள்ளிருந்து படகு வந்துகொண்டிருந்தது. உள்ளே ஆடுகள் முண்டியடித்தன, மிதித்தன, விளிம்பில் கால் போட்டன. மோட்டார் நிற்கவில்லை. இறக்கிவிட்டு மறுபடி போனது, மறுபடி வந்தது. கடைசி நடையில், குட்டி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு பேச்சியம்மாள் இறங்கினாள். அவள் பின்னால் திரும்பிப் பார்த்தபோது திட்டின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. கருப்பையா அண்ணன் என்னைக் கை காட்டி, "இந்தப் பிள்ளைதான் வயரு ஓட்டுனது" என்றார்.

பேச்சியம்மாள் நடுங்கிக்கொண்டே படகை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஆடுக கண்ணுல பட்டத எல்லாம் கடிக்கும் தாயி. இதுல கடிக்க ஒண்ணுமே இல்ல."

செய்த வேலை யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பதால், ஷெட்டில் பெருமையாக மாட்டி வைக்க எங்களிடம் இன்றுவரை உருப்படியாக ஒரு போட்டோகூட இல்லை.