இல்க்வார்ஸின் கல்யாணத் தொகுப்பு

“தலைப்பு இல்லாத படம்னு ஐரோப்பாவுல ஒண்ணு கிடையாதுங்க. தலைப்பு வைக்கத் தெரியாத ஆளுங்கதான் இருக்காங்க.” எங்கள் தலைநகர் ரீகாவில் நடந்த மாநாட்டில், ஒரு கையில் மீன் வைத்த ரொட்டியும் மறு கையில் மைக்குமாக இல்க்வார்ஸ் இப்படி முழங்கியபோது பின்வரிசையில் இருவர் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவன் நான். அவருடைய காரில்தான் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் மாடியில் அவருக்கு எதிர்மேசை என்னுடையது. கண்டம் முழுவதும் உள்ள அருங்காட்சியகங்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் ஓவியங்களையும் புகைப்படங்களையும் பொறுக்கி, நடுவே எங்கள் ஊர்ப் படங்களையும் செருகி, தலைப்பு வாரியாக அடுக்குவது அவர் வேலை. ‘ஐரோப்பாவின் மீசைகள்’ அவருடையது. ‘மழையில் நிற்கும் குதிரைகள்’, ‘புனிதர்களும் அவர்களது நாய்களும்’ அவருடையவையே. லிஸ்பனில் ஒரு தபால்காரரும் க்ராகோவில் ஒரு பாதிரியாரும் ஒரே மீசை வைத்திருந்ததைக் கண்டுபிடித்த அன்று, கண்டத்தின் ஒற்றுமையைத் தனி ஆளாக நிறுவிய களைப்பில் மதியம் வரை யாரோடும் பேசவில்லை.

வாழ்க்கையையும் அதே இடுக்கியால்தான் எடுப்பார். நான் வெளியே வேடிக்கை பார்த்தால், “நீ ‘ஜன்னலோரப் பெண்கள்’ல சேர வேண்டிய ஆளுப்பா, தாடிதான் இடிக்குது” என்பார். அயர்லாந்துக்குக் காளான் பறிக்கும் வேலைக்குப் போன அவர் மனைவி, இனி வருவதாக இல்லை என்று தொலைபேசியில் சொன்னபோது, “‘விடைபெறல்கள்: துறைமுகமும் ரயிலும்’. நல்ல தொகுப்பு. ஃபின்லாந்துப் படம்தான் குறையுது” என்றார். அன்று டப்பாவில் கொண்டுவந்த பட்டாணியை அவர் திறக்கவே இல்லை. அது எந்தத் தொகுப்பு என்று நானும் கேட்கவில்லை.

அவர் கலையின் உயிர் கத்தரிப்பில் இருக்கிறது. தொகுப்பின் முகப்புப் படம் நாடாவைப் போல நீளமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து மனிதர்களோ இதை யோசிக்காமல் சதுரமாக எடுத்துத் தொலைத்திருக்கிறார்கள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் சீவுவார். “முடி வெட்டுற மாதிரிதான். யாருக்கும் வலிக்காது.”

வசந்தத்தில் ‘கிராமத்துத் திருமணங்கள்’ வெளியானபோது முகப்பில் இருந்தது எங்கள் ஊர்க்காரர் யாரோ தந்த படம். வீட்டு முற்றத்தில் வெள்ளைச் சட்டை ஆண்களும் தலையில் துணி கட்டிய பெண்களும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். நடுவில் ஒரு சிறுமி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த பூக்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. எங்கள் நாட்டில் அது எதற்கும் சாட்சியாகாது. கல்யாணப் படத்திலும் நாங்கள் அப்படித்தான் நிற்போம். நகத்தளவுப் படங்களை நூற்றுக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனவருக்கு, அடியில் வெள்ளையாக, நீளமாக, பூப்பூவாக ஏதோ தெரிந்தது. விருந்து மேசை என்று முடிவுகட்டிச் சீவிவிட்டார். ‘வடக்கத்தியக் கல்யாணத்தின் கம்பீரம்!’ என்று ஸ்பெயினிலிருந்து ஒருவர் எழுதியதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

நவம்பரில், பிற்பகலிலேயே இருட்டிவிட்ட ஒரு நாள், நகரப் பேருந்து ஓட்டும் டைகா சீருடையோடு மாடியேறி வந்தாள்.

“இங்க கல்யாணம் பண்ணி வைக்கிறவர் யாருங்க?”

பாராட்டு நேரில் வருவது அபூர்வம். இல்க்வார்ஸ் எழுந்தே நின்றார். “நான்தாம்மா.”

திரையில் இருந்த சிறுமியை விரலால் தொட்டாள். “இது நான்.”

“அட! யார் கல்யாணம்மா?”

“கையில இருக்கிற பூவை எண்ணுங்க.”

எங்கள் ஊரில் பூ வாங்கப் போகும் குழந்தைக்கும் தெரியும்: மகிழ்ச்சிக்கு ஒற்றைப்படை, சாவுக்கு இரட்டைப்படை. கண்டத்தின் மீசைகளையெல்லாம் எண்ணி முடித்த மனிதர் திரையருகே குனிந்தார். உதடு ஒரு முறை அசைந்தது, இன்னொரு முறை அசைந்தது, நின்றுவிட்டது.

“கீழ இருந்தது மேசை இல்லைங்க. எங்க அம்மா.”

திறந்த சவப்பெட்டியைச் சுற்றி உறவெல்லாம் நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். எந்த வீட்டு ஆல்பத்திலும் அப்படி ஒன்று இருக்கும். இல்க்வார்ஸ் வீட்டிலும் இருக்கும்.

“எங்க வீட்டுல கேமரா எப்பவும் அம்மா கையிலதான். அதனால அம்மா எந்தப் படத்துலயும் கிடையாது. செத்த அன்னிக்குத்தான் வேற ஆள் கேமராவைத் தொட்டாங்க. இருக்கிறதே இது ஒண்ணுதான். வீட்டுல ஈரம், பூஞ்சை புடிச்சிடும்னு உங்ககிட்ட குடுத்தேன். நேத்து என் பொண்ணு, பாட்டி எப்படி இருப்பாங்கன்னு கேட்டா. உங்க இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினா, கல்யாணம் நடக்குது.” அடுத்த கேள்வியில் மட்டும் குரல் இறங்கியது. “அசல் படத்தையும் வெட்டிட்டீங்களா?”

இல்க்வார்ஸ் கிடங்குக்கு இறங்கி ஓடினார். நான் தேநீர் வேண்டுமா என்றேன். “ஓட்டற வேளையில குடிக்கறதில்லை” என்றாள், நின்றபடியே.

அவர் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். படம் முழுதாகவே இருந்தது. பூக்களுக்கு நடுவே, கடுகு கொஞ்சம் பெருத்தாற்போல ஒரு முகம். டைகா கையுறையைக் கழற்றினாள், ஆனால் தொடவில்லை.

கல்யாணத் தொகுப்பிலிருந்து படத்தை அப்போதே நீக்கினார். முகப்பு காலியானது. ஒரு ஓரமும் போகாமல் புதிதாகப் பிரதியெடுத்தார். அதுவரை எல்லாம் சரி. பிறகு தொழில்புத்தி தலைதூக்கியது.

“‘துக்கச் சடங்குகள்’ல வெச்சிடலாமாம்மா? நிறைய பேர் பார்ப்பாங்க.”

“சவத்தைப் பார்ப்பாங்க.”

“அப்போ ‘தாய்மார்கள்’?”

“தொட்டில் ஆட்டற படத்துக்கு நடுவுலயா?”

“பெண் புகைப்படக்காரர்களுக்கு ஒண்ணு இருக்கு...”

“இது ஒண்ணுதாங்க அவங்க எடுக்காத படம்.”

நான்காவதற்குத் திறந்த வாயை இல்க்வார்ஸ் மூடிக்கொண்டார். “அவங்க பேர் சொல்லுங்கம்மா” என்றார்.

“மில்டா. மில்டா ப்ரீடே.”

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அடுத்த கட்டம் தலைப்பைக் கேட்டது. கோடு விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. இல்க்வார்ஸ் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டி, கட்டத்தைக் காலியாக விட்டே, சேமி என்பதை அழுத்தினார்.