கூக்கால் தாய் கொடுத்த மருந்து

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி அடைமழை. என் மனைவி மரியம் என்னை உற்றுப் பார்த்து, "நீ யாரு? எதுக்கு எம் பக்கத்துல உக்காந்திருக்க?" என்று கேட்டாள். அவள் ஒரு நாளும் என்னை 'நீ' என்று சொன்னவள் அல்ல.

கொடைக்கானல் பஜாரில் எனக்குக் கம்பளிக் கடை. மரியத்துக்கு முன்பு ஒருமுறை காமாலை வந்தது. தீர்ந்துவிட்டது என்றே நினைத்தோம். ஆனால் உள்ளுக்குள் ஈரல் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாதம் போல வீங்கியது. பிள்ளையில்லாத எங்களுக்கு அந்த வயிற்றைப் பார்க்கவே சகிக்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது, வயிற்றுவலி வந்தது. பிதற்ற ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா வயிற்றில் ஊசி வைத்து நீர் எடுத்தார். அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கியிருந்தது.

"வயித்துத் தண்ணியில கிருமி சேர்ந்திருச்சு பாய். ஈரல் கெட்ட ஒடம்பு இதத் தாங்காது. பென்சிலின் போட்டுப் பாப்போம்" என்றார்.

போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. புதிதாக வேறொரு மருந்து இருக்கிறது, ஆனால் மதுரையிலிருந்துதான் வர வேண்டும் என்றார். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. என் மச்சினன் காதர் மழையிலேயே நடந்து கீழே இறங்கினான். அவன் வரும்வரை இவள் தாங்குவாளா என்று கேட்டேன். டாக்டரம்மா அவள் நாடியைப் பிடித்துப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

தாழ்வாரத்தில் துண்டை விரித்துத் தொழுதேன். அவளை விட்டுவிடு என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. "யா அல்லாஹ், எடுப்பதாக இருந்தாலும், ஒரு தடவை என்னை யாரென்று அவள் அறிந்த பிறகு எடு" என்று அழுதேன்.

எழுந்து திரும்பினால், செல்லம்மா நின்றிருந்தார். பக்கத்து மலைக்கிராமமான கூக்காலில் கிழங்கு விவசாயம் செய்கிற அம்மா. அவருடைய ஒரே மகன் டைபாய்டில் பக்கத்து வார்டில் கிடந்தான். அந்த அம்மா கையில் ஒரு மருந்துக் குப்பி.

"பாய், எம் மகன் போயிட்டான். மத்தியானமே போயிட்டான். அவனுக்கு மதுரையில வாங்குன மருந்து மிச்சம் கெடக்கு. ஒங்க வீட்டம்மாவுக்கும் இதான் வேணுமாம், டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்."

எனக்குக் கை நீளவில்லை.

"ஏன் நிக்கிறீங்க? முருகன் எனக்குக் குடுக்கல. ஒங்களுக்காவது குடுக்கட்டும். வெரசா கொண்டு போங்க!"

மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மருந்தைக் கரைத்துச் செலுத்தினார்கள். காதர் சேறும் சகதியுமாக மருந்தோடு வந்து சேரும்வரை அந்தக் குப்பிதான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. மெல்லக் காய்ச்சல் தணிந்தது. ஒரு காலையில் கண் திறந்து, "மழை விட்டிருச்சாங்க? நீங்க கடைக்குப் போகலையா?" என்றாள். அல்ஹம்துலில்லாஹ்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

ஈரல் மட்டும் குணமாகவில்லை. உப்பில்லாத சோறு, அடிக்கடி ஆஸ்பத்திரி, இப்படியே மூன்று வருஷம் என்னோடு இருந்தாள். வயிற்று நீரில் அதே கிருமி மறுபடி சேர்ந்தபோது எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. கடைசி மூச்சுவரை என்னை அறிந்திருந்தாள். இறைவன் ஒருவனே என்னும் கலிமாவைத் தன் வாயாலேயே சொல்லிப் போனாள்.

நான் கேட்டதைவிட அதிகமாகவே அல்லாஹ் கொடுத்தான். ஆனால் பக்கத்து வார்டில் ஒரு தாயும் என்னைப் போலத்தான் கேட்டார். அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் அந்தத் தாய்க்கு ஆறுதல் கேட்கிறேன். அவர் கூக்காலிலிருந்து பஜாருக்கு வரும்போதெல்லாம் என் கடையில் உட்கார்ந்து டீ குடிக்காமல் போவதில்லை.

சகோதரர்களே, காமாலை வந்து போன உடம்பில் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியெல்லாம் இறைவனான ரப்பிடம் கேளுங்கள். யார் கையில் அவன் கொடுத்தனுப்பினாலும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.