தரவரிசையில் இருநூற்றுப் பதினான்கு

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில் அவளைக் கணக்கக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளைத் தள்ளுவண்டியிலிருந்து கொட்டியதும் குவியலை ஒரு பார்வை பார்ப்பாள். "எழுபத்தி ரெண்டு" என்பாள். சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தவர்கள் ஆரம்பத்தில் இருந்தார்கள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

பதினெட்டு வருஷ வேலை. வயது முப்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத் தேர்வில் மூன்று தாள் எழுதியிருந்தாள். நான்காம் தாளன்று காலையில் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆம்புலன்சில் ஏறினாள். அப்பா பிழைத்துக்கொண்டு இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். தேர்வு மட்டும் விட்டுப்போனது போனதுதான். அதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை.

அவளை மறுபடி புத்தகம் எடுக்க வைத்தது ஆசை அல்ல, சூப்பர்வைசர். ஓய்வு பெற நான்கு வருஷம் இருக்கும்போது அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் இடம் உனக்குத்தான் வரணும். இங்க வேற யாருக்கும் இந்த வேலை முழுசாத் தெரியாது. ஆனா பன்னெண்டாவது சர்டிபிகேட் இல்லாம மேல ஒத்துக்க மாட்டாங்க. தனித்தேர்வா எழுதிடு. பாஸ் ஆனாப் போதும்."

அவளுடைய ஒரே மகள் அப்போது பதினோராவது சேர்ந்திருந்தாள். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணிதம். இரண்டு செட் புத்தகம் வாங்குவானேன் என்று அம்மாவும் அதே பாடங்களையே எடுத்தாள். இப்படித்தான் தாயும் மகளும் ஒரே வருஷம், ஒரே தேர்வுக்கு உட்கார்ந்தார்கள்.

காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்து, மகள் வகுப்பிலிருந்து வரும்வரை முந்தின நாள் பாடத்தைப் போட்டுப் பார்ப்பாள். மகள் வந்ததும் சமையலறை மேசையில் வகுப்பு நடக்கும். மகளுக்கு வாய் அதிகம், பொறுமை அதைவிட அதிகம். கணிதத்தில் வகைக்கெழு என்றால் என்ன என்று அம்மாவுக்குப் புரியவைக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் அம்மா பயிற்சிக் கணக்கு முழுவதையும் போட்டு முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதானாவாம்," என்றாள் மகள். "என் உயிரை வாங்கிட்டு."

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுவார். எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். தேர்வைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம், "ரெண்டு பேரும் பெயிலானா ஒரே திட்டாத் திட்டிடலாம்" என்பது.

மகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டப்படிப்பு. ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். திரும்பி வந்து அந்த நூலகத்தின் அகலமான படிகளைப் பற்றியே ஒரு வாரம் பேசினாள். அன்றிலிருந்து வேறு கல்லூரியின் பெயரே அவள் வாயில் வரவில்லை. தேர்வு முடிந்து விண்ணப்பம் திறந்த நாள், போனில் அவளே உட்கார்ந்து நிரப்பினாள். தன்னுடையதை முடித்ததும், "அம்மா, உன் பரீட்சை நம்பரையும் சொல்லு" என்றாள்.

"எனக்கு எதுக்குடி?"

"வயசு வரம்பு இல்லைன்னு போட்டிருக்கான். சும்மா இருக்கட்டும். நான் உள்ள போயிடுவேன், நீ வெயிட்டிங் லிஸ்ட்ல நில்லு. நான் ஜன்னல்லேர்ந்து கையாட்டறேன்."

அம்மா சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னாள்.

முடிவு வந்த அன்று காலை அவள் வேலையில் இருந்தாள். ஆவி இயந்திரத்தில் விரிப்புகளைத் தேய்க்கும் தோழிக்கு அங்கே ஆவி என்றே பெயர். அவள்தான் போனை எடுத்து நீட்டினாள். "உம் மக."

"அம்மா, பாஸ். நீயும் நானும். நான் ஐநூத்தி எட்டு. நீ நானூத்தி தொண்ணூத்தி ஒண்ணு. உன்னைவிடப் பதினேழு ஜாஸ்தி. பயந்துட்டேன் போ, வாத்தியாரைத் தாண்டிட்டியோன்னு."

கணக்கக்கா நன்றாகச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று சொன்னால் மிகையில்லை. ஆவி எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். சூப்பர்வைசர் அன்றே மேலே கடிதம் எழுதினார்.

சாயங்காலம் மகள் இரண்டு பேருடைய மதிப்பெண் பட்டியலையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிப் பாடங்கள் இரண்டிலும் அவளுக்குத் தொண்ணூறுக்கு மேல். கணிதத்தில் எழுபத்தொன்று. அம்மாவுக்கு மொழிப் பாடங்கள் அறுபதை ஒட்டி இழுத்துக்கொண்டு நின்றன. கணிதத்தில் தொண்ணூற்றேழு.

"யுனிவர்சிட்டில மொழிப்பாடத்தை எடுத்துக்க மாட்டாங்க," என்றாள் மகள். "நாலு பாடம் மட்டும்தான். நானூறுக்கு. நான் முன்னூத்திப் பதினெட்டு."

"போன வருஷம் கடைசியா எவ்வளவுக்குக் குடுத்தாங்க?"

"முன்னூத்தி இருபத்தி ஒண்ணு. இந்த வருஷம் கணக்கு பேப்பர் கஷ்டம்தான். குறையும்."

அம்மாவின் நான்கு பாடக் கூட்டுத்தொகையை இருவரும் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்தபோதே அம்மா மனதுக்குள் கூட்டிவிட்டாள். முன்னூற்று எழுபத்தொன்று. மகளும் கூட்டியிருப்பாள். கணவர் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "குறையும், குறையும்" என்றார், எது குறையும் என்று தெரியாமலே.

தரவரிசை வந்தது. அந்தப் படிப்புக்கு இருநூற்று நாற்பது இடங்கள். அம்மா இருநூற்றுப் பதினான்கு. மகள் அறுநூற்று இருபத்து நான்கு. அதனால் மட்டும் மகளுக்கு ஒன்றும் முடிந்துவிடவில்லை. முன்னால் இருப்பவர்கள் வேறு படிப்புக்கும் வேறு ஊருக்கும் போவார்கள், பட்டியல் நகரும். இடம் உறுதியானவர்கள் கடைசிச் சுற்று முடிந்தபின் வந்து சேர்ந்தால் போதும் என்பது விதி. மூன்று சுற்று நகர்ந்தது. முதல் சுற்று முன்னூற்றுத் தொண்ணூறில் நின்றது. இரண்டாவது ஐநூற்று நாற்பது. அந்த வாரம் மகள் போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனாள். மூன்றாம் சுற்று அறுநூற்றுப் பதின்மூன்றில் நின்றுவிட்டது. அதற்குமேல் சுற்று இல்லை. காலியாகும் இடம் மட்டும் ஒவ்வொன்றாக அடுத்தவருக்குப் போகும்.

கணக்கக்கா மருத்துவமனையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனாள். மகளும் கூட வந்தாள். வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பெரிய கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், உயரத்தில் சுற்றும் மின்விசிறிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பெற்றவர். எண்ணை அழைத்ததும் இருவரும் எழுந்து மேசைக்குப் போனார்கள். அலுவலர் அம்மாவின் கையிலிருந்த கோப்பை வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"உக்காரும்மா. போட்டோ, ஒரிஜினல் எல்லாம் இருக்கா?"

"எனக்குத்தான்," என்றாள் கணக்கக்கா.

அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறந்த தேதியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உக்காருங்கம்மா" என்றார்.  ஒவ்வொரு தாளாகப் பார்த்துப் பச்சைப் பேனாவால் கோடு போட்டார்.

கையெழுத்துப் போடச் சொல்லித் தாளைத் திருப்பியபோதுதான் அவள் கேட்டாள். "சார், நான் இந்த இடம் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா என்ன ஆகும்?"

"அடுத்தவங்களுக்குப் போகும். அறுநூத்திப் பதினாலு."

"அதுக்கப்புறம் யாராவது வேண்டாம்னா?"

"அறுநூத்திப் பதினஞ்சு. வரிசைதாம்மா. உங்களுக்கு யாருக்குக் குடுக்கணும்?"

 மகள்தான் சொன்னாள், சாதாரணமாக, மணி கேட்டவர்களுக்கு மணி சொல்வதுபோல. "அறுநூத்தி இருபத்தி நாலு சார். நான்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களையும் சேர்த்து இந்த வாரத்துல பதினோரு பேர் விலகணும்மா. ஒருத்தர் ரெண்டு பேர் விலகுவாங்க. பதினோரு பேர்..."  பின்னால் அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்கள்.

தாய்க்கு அந்த நேரத்தில் ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். அழுகையோ கோபமோ வெட்கமோ. பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மின்விசிறி ஒன்றில் ஓர் இறக்கை மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கால் என்று தோன்றுமே, அந்த மாதிரி.

"கையெழுத்துப் போடும்மா," என்றாள் மகள். "நீ விட்டாலும் எனக்கு வராது. அப்புறம் எதுக்கு விடணும்? யாரோ பதினாலுக்கு."

அவள் போட்டாள்.

பேருந்தில் திரும்பும்போது மகளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மூன்று நிறுத்தம் கழித்து, "நான் சொல்லிக் குடுத்ததை நான் ஒழுங்காப் படிக்கல, அவ்வளவுதான்" என்றாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம்மா, எதுவும் சொல்லாத," என்றாள் மகள். கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

அந்த வாரத்தில் நான்கு பேர் விலகினார்கள். பட்டியல் அறுநூற்றுப் பதினேழோடு மூடப்பட்டது.

வீட்டில் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஆவி அபிப்பிராயப்பட்டாள். கணவர் ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், "நீ போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டார். கணக்கக்கா தெரியவில்லை என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. "அம்மா போகட்டும்பா," என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

மகள் ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்கள் பற்றிய இரண்டு வருஷ டிப்ளமோவில் சேர்ந்தாள். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய இடம். தாய் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலை வகுப்புகளுக்குப் பல்கலைக்கழகம் போனாள். கூடப் படித்த பிள்ளைகள் முதல் நாள் அவளை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். பிறகு அக்கா என்றார்கள், கணக்கு வரும்போது அக்கா பக்கத்தில் உட்கார இடம் பிடித்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. நூலகத்தின் அகலமான படிகளை ஏறி இறங்கினாள். அவை அவளுக்கு அகலமான படிகளாக மட்டுமே இருந்தன.

சமையலறை மேசையில் இப்போது இருவரும் ஒரே நேரத்தில் உட்காருவதில்லை. நேரம் ஒத்துவரவில்லை, அது உண்மையும்கூட. மகள் எழுந்து கிளம்பும்போது தாய் குளித்துக்கொண்டிருப்பாள். மகள் திரும்பும்போது தாய் ஷிப்டில் இருப்பாள். மாவு தீர்ந்தது, கேஸ்காரன் நாளைக்கு வருவான் என்ற சேதிகள் சுவரில் மாட்டிய சிலேட்டில் எழுதப்பட்டன. மகளின் கையெழுத்து முன்பைவிட ஒழுங்காக இருந்தது. வாய்தான் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து துணி மடிப்பார்கள். மகளும் தாயும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, ஒரே சமயத்தில் உதறி, கிட்டே வந்து முனையைக் கொடுத்துவிட்டு விலகுவார்கள். அதில் பேச்சுக்கு வேலையில்லை.

இரண்டாம் வருஷத்தில் கணக்கக்கா சூப்பர்வைசர் ஆனாள். மேசை, நாற்காலி, சாவிக் கொத்து. அதே வருஷக் கடைசியில் டிப்ளமோ முடிந்து மகள் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குச் சேர்ந்தபின் அவளுக்குக் கொஞ்சம் பேச்சுத் திரும்பியது, முக்கியமாக அலுவலகத்தைப் பற்றி. அவளுடைய மேலதிகாரி கூட்டல் தெரியாதவர் என்று ஒரு நாள் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். அறைக்குள் இருந்த தாய் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். வெளியே போகலாமா என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

மூன்று வருஷம் முடிந்து பட்டம் வந்தது. பட்டமளிப்பு நாளன்று மருத்துவமனையில் ஆய்வு என்பதால் அவள் போகவில்லை. தபாலில்தான் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் மகள்தான். உறையைப் பிரிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான்கு நாள் அது அங்கேயே நின்றது. ஐந்தாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கணக்கக்கா ஓரத்தைக் கத்தரித்து எடுத்துப் பார்த்தாள். பெயர் சரியாக இருந்தது. இனிஷியல் சரியாக இருந்தது. வருஷமும் சரி.

"எழுத்துப் பிழை எதுவும் இல்லையே?" என்று மகள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"இல்லடி."

"சரி. பீரோல மேல் தட்டுல வை. கீழ் தட்டுல ஈரம் ஏறுது."

அவள் மேல் தட்டில் வைத்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். தெருமுனை வரைக்கும் ஒரே வழி, அங்கிருந்து மகள் இடதுபக்க நிறுத்தத்துக்கும் தாய் வலதுபக்க நிறுத்தத்துக்கும் போகவேண்டும். மகளின் பேருந்து முதலில் வந்தது.