ஜைபுன்னிசா வரைந்த கால்கள்

ஜைபுன்னிசா காலமான செய்தியை என் மகள் யாழினிதான் தொலைபேசியில் சொன்னாள். "அப்பா, ஜைபும்மா போயிட்டாங்கப்பா" என்று அழுதாள். எனக்காக இப்படி அழுவாளா என்பதுதான் என் மனதில் எழுந்த முதல் கேள்வி. மறைந்தவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஓவியக் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. ஆசிரியர் என் படத்தைப் பார்த்து, "உழைப்பு தெரியுது" என்பார். ஜைபுவின் படத்தின் முன்னால் ஒன்றும் சொல்லாமல் நிற்பார். அந்த மௌனத்துக்காகத்தான் நான் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் நான் ஆழ்வார்பேட்டையில் கண்காட்சிகள் வைத்தேன். அவர் மயிலாப்பூரில் தம் வீட்டு முன்னறையில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். போட்டி ஒழிந்தது என்று நிம்மதியடைந்தேன். பிறகு மனைவிக்கு வேலை, எனக்குக் கலை என்றாகிவிட, மகளை அங்கேயே விட வேண்டியதாயிற்று. மாலையில் அழைக்கப் போனால் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

"இன்னா நைனா, போலீஸ் மாதிரி வாசல்லயே நிக்கிற? உள்ள வந்து குந்து" என்பார் ஜைபு.

அந்த அறைச் சுவர்களில் அவர் வரைந்த ஓவியம், தரையிலிருந்து ஒரு குழந்தையின் கண்மட்டம் வரைதான். அதற்கு மேல் வெறும் வெள்ளை. பெரியவர்கள் பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். முட்டி வலி என்று சொல்லிவிடுவேன். அப்போது என் முட்டி நன்றாகவே இருந்தது.

ஒருமுறை, என் படங்களைப் பார்க்க வந்த கண்காட்சிக்கூட உரிமையாளரை, வழியில் மகளையும் கூட்டிக்கொள்ளலாம் என்று அங்கே அழைத்துப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. சுவரோரமாகத் தவழ்ந்தே போனார்.

"மேடம், இதையே கேன்வாஸ்ல பண்ணிக் குடுங்க. தனி ஷோ போட்டுடலாம்."

"அப்ப இதுங்களுக்கு யாரு சார் சோறு ஊட்டறது? நீங்களா?"

நான் பல ஆண்டுகள் காத்திருந்த அழைப்பை, கையில் பருப்புச் சாதக் கிண்ணத்தோடு அவர் மறுத்தார். என் படங்களை அன்று யாரும் பார்க்கவில்லை.

நேற்று அந்த அறையில் பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் உள்ளே ஜைபுவின் அருகில், ஆண்கள் பாயில். நிற்பதற்குச் சாக்கு இல்லை, உட்கார்ந்தேன்.

எதிர்ச்சுவர் முழுக்கக் கால்கள். முழங்கால் வரைக்கும் மட்டும். சேலைக் கரையும் கொலுசும், காக்கிப் பேன்ட்டும் ரப்பர் செருப்பும், அலுவலக ஷூக்களும். நடுவே வண்ணம் சிந்திய தோல்செருப்பில் ஒரு ஜோடி. என்னுடையவை. வலது கட்டைவிரலில் மட்டும் நிறம் தேய்ந்து சுண்ணாம்பு தெரிந்தது.

யாழினி உள்ளிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புதுசா வர்ற பசங்க அழுதா, சாயந்தரம் கூட்டிட்டுப் போக வர்றவங்க காலை வரைஞ்சு காட்டுவாங்கப்பா. 'இந்தக் கால் வரும், நீ தூங்கு'ன்னு. நான் உங்க கட்டைவிரலைப் புடிச்சிட்டுத்தான் தூங்குவேன்."

"அப்புறம் ஏன் நான் வந்தா அழுத?"

"நீங்க உள்ளயே வரமாட்டீங்களே. உங்க காலை உங்களுக்குக் காட்டணும்னுதான்."

ஜனாஸாவைத் தூக்கினார்கள். தோள் கொடுக்க எழுந்தபோது முட்டி உண்மையிலேயே வலித்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். சுவரில் இருந்த அளவுக்கு என் கால்கள் நன்றாக இல்லை.

போய் வாருங்கள், ஜைபு. நீங்கள் வரைந்த என் கணுக்காலில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று நெடுநேரம் தேடினேன். இல்லை. அந்தப் பொறாமையோடுதான் வழியனுப்புகிறேன்.