நாற்பதைத் தாண்டாத வண்டி

மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று சாலையோரத்தில் பலகை நிற்கிறது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை அதைப் படித்த ஒரே பஸ் டிரைவர் நான்தான் போலிருக்கிறது. காலையில் முதல் நடையிலேயே முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். அதைவிடப் பின்னாலிருந்து வரும் ஏச்சு வலிக்கும்.

ஏசுகிறவர்களில் முதல் ஆள் ஒரு மீன்கார அக்கா. கடற்கரையிலிருந்து அலுமினியச் சருவம் நிறைய மீனோடு வந்து ஏறுவார். சந்தையில் முதலில் போய் உட்காருகிறவர்களுக்குத்தான் விலை. பிந்தினால் பாதி மீன் அப்படியே வீடு திரும்பும்.

"எலே மக்கா, வண்டி ஓட்டுதியா, மாடு மேய்க்குதியா? நம்ம போய் எத்தும்போ சந்தையில காக்காதான் இருக்கும்."

"உயிரோட அங்க போய் எத்தினா போதும் அக்கா."

"உயிரு மட்டும் எத்தி என்ன செய்ய? மீனும் எத்தண்டாமா?"

அக்கா இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்பே எழுந்து, சருவத்தை வாசலுக்கு நகர்த்திப் படியில் நின்றுகொள்வார். வண்டி உருளும்போதே இறங்கியும் விடுவார். என் வண்டியில் மீன்காரிகள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். கண்டித்துப் பார்த்தேன். "உன் வண்டியில இருந்து விழணும்னா யாராவது தள்ளித்தான் விடணும்" என்று சிரித்தார்கள்.

ஒருநாள் பொறுமை கெட்டு, அக்கா வேறொரு வேகவண்டியில் ஏறிவிட்டார். என்னைத் தாண்டிப் பறந்த அந்த வண்டியை ஒரு வளைவில்தான் மறுபடி பார்த்தேன். சாலை முழுக்கச் சாளை மீன் சிதறிக் கிடந்தது. பழக்கம்போல முன்பே எழுந்து படியில் நின்றிருக்கிறார். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் தெறித்து விழுந்துவிட்டார். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்த டிரைவரைத் திட்டாத ஆளில்லை. நானும் வாய் வலிக்கத் திட்டினேன். ஆனால் படியில் நிற்கும் தைரியத்தை அக்காவுக்குக் கொடுத்தது என்னுடைய வண்டிதானே என்ற நினைப்பு போகவில்லை. மெதுவாகப் போவதிலும் சலிப்பு வந்துவிட்டது.

போன வாரம் அக்கா திரும்பி வந்தார். கையில் கம்பு, சின்னச் சருவம். எனக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்தார். நிறுத்தம் வந்தும் எழுந்திருக்கவில்லை. வண்டியை முழுசாக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தேன். அப்போதும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நின்னாச்சா மக்கா?"

"நின்னாச்சு அக்கா."

மெல்ல இறங்கினார். கீழே நின்று சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்காவது கொஞ்சம் வேகமா விடு மக்கா. எல்லாரும் வித்துட்டுப் போயாச்சு."