பதினாறு மஞ்சள் ஜெர்சி

எங்கள் சலவை ஆலையில் அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் இருபத்தேழு வருஷம் நின்றவர் மாஸ்டர். அவருக்கென்று ஒரு பேர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நான் அடுத்த அறையில் இஸ்திரி ரோலரில் நிற்பவன். நடுவில் கதவு கிடையாது, ரப்பர் தட்டி மட்டும்தான் தொங்கும். அவர் இருமினாலும் எனக்குக் கேட்கும், என்னைத் திட்டினாலும் கேட்கும். இரண்டாவதுதான் அதிகம்.

மூன்று ஆஸ்பத்திரி, இரண்டு ஹோட்டல், ஒரு முதியோர் விடுதி. அத்தனை படுக்கை விரிப்பும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். விரித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், சொல்லுவார்.

"யோவ் இஸ்திரி, இந்தாளு ஒரு வாரமா புரண்டே படுக்கலய்யா. குதிகால் பட்ட இடம் மட்டும் நைஞ்சிருக்கு பாரு."

"உமக்கு என்ன மாஸ்டர், டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்."

"படிச்சிருந்தா உன் மூஞ்சியப் பாக்குற தலையெழுத்து வந்திருக்காதே."

இதில் வித்தை காட்டுவது ஒன்றுமில்லை. எந்தக் கறை எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதுதான் அவர் வேலை. ரத்தம் பட்ட துணியைத் தெரியாமல் வெந்நீரில் போட்டால் கறை வெந்து அப்படியே நின்றுவிடும், விரிப்பு தரை துடைக்கத்தான் ஆகும். அதனால் அவர் கண்ணும் மூக்கும் அப்படிப் பழகியிருந்தன. கல்யாணம் கட்டவில்லை. ஒரே தங்கச்சி, புருஷன் விட்டுட்டுப் போனவள், ஹோட்டலில் அறை துடைக்கிறாள். அவளுக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தது மாஸ்டர்தான்.

ஆலைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒரே வருஷத்தில் நாலு வாலிபப் பையன்கள் போய்விட்டார்கள். மாத்திரை, பஞ்சர் ஒட்டுகிற பசை, அப்புறம் ஊசி. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் ஒரு பழைய குடோனை வாடகைக்கு எடுத்து இளைஞர் மன்றம் என்று போர்டு மாட்டியது. கவுன்சிலிங் கொடுக்க ஒரு மேடத்தைப் போட்டார்கள். நல்ல பொம்பளை. சுவரெல்லாம் மண்டை ஓடு படம் ஒட்டி, போதை வேண்டாம் என்று எழுதி வைத்து, மூணு மாசம் நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தார். பையன்கள் வந்தது ஒரே ஒரு தடவை. வந்து மண்டை ஓட்டுக்கு மீசை வரைந்துவிட்டுப் போனார்கள்.

மன்றத்துத் திரைச்சீலையைத் துவைத்துக் கொடுத்து மாட்டப் போன மாஸ்டர்தான் அவரிடம் சொன்னார், "மேடம், கோவிச்சுக்காதீங்க. பேச்சுக்கு எவனும் வரமாட்டான். பந்துக்கு வருவான்."

அப்படி ஆரம்பித்தது அந்த டீம். ஒரு துணிக்கடைக்காரர் பதினாறு மஞ்சள் ஜெர்சி கொடுத்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு லாரி நிறுத்தும் மைதானத்தில் ஆட்டம். மாஸ்டர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஜெர்சியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கழற்றி அவர் பையில் போட வேண்டும். துவைத்து அடுத்த வாரம் அவரே கொடுப்பார். பையன்களுக்கு ஏக சந்தோஷம். "மாஸ்டர் நமக்கு அம்மா மாதிரிடா, ஜட்டியையும் போட்டுடலாமா?" என்று கேட்டான் ஒருத்தன். "போடு, ஆனா முகமூடி வாங்கிக் குடுத்துட்டுப் போடு" என்றார் இவர்.

ஏன் அந்தச் சட்டம் என்று எனக்கு மட்டும் தெரியும். திங்கட்கிழமை காலை அந்தப் பதினாறும் பிரிக்கிற மேசையில் வரிசையாகக் கிடக்கும். முதுகு நம்பரைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்வார். கழுத்துப் பட்டையில் பிசுபிசுப்பு என்றால் போதைக்குக் குடித்த இருமல் மருந்து. பசை வாசம் துணியில் இரண்டு நாள் நிற்கும். மார்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தால், இடைவேளையில் லாரி மறைவில் இழுத்த கஞ்சாவின் நெருப்புப் பொறி. எழுதி வைக்க மாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். அந்த வாரம் அந்தப் பையன் வேலை செய்கிற இடத்துக்கு அவர் பாட்டுக்குப் போய் நிற்பார்.

"என்ன மாஸ்டர் இந்தப் பக்கம்?"

"பந்துக்குக் காத்தடிக்கணும். பம்ப் மன்றத்துல இருக்கு. எனக்கு இடுப்பு வலி. வா, வந்து அடிச்சுக் குடு."

போனால் அங்கே மேடம் இருப்பார். காற்று அடிக்க ஐந்து நிமிஷம், பேச்சு ஒரு மணி நேரம். இரண்டு வருஷத்தில் இப்படி ஏழு பேரைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். மூணு பேர் தேறினார்கள். ஒருத்தன் மெக்கானிக் ஷாப்பில் இன்னும் நிற்கிறான். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால், "துணின்னா எல்லாம் வெளுக்குமாய்யா?" என்பார்.

தங்கச்சி மகன்தான் கோல்கீப்பர். ஒட்டடை என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. பத்தொன்பது வயசு, செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. முதலில் முன்வரிசையில் ஆடினவன். ஒரு நாள் அவனாகவே வந்து, "மாமா, நான் கோல்ல நிக்குறேன். முழுக்கை ஜெர்சி ஒண்ணு இருக்குல்ல, அது எனக்கு" என்றான். ஓட முடியாமல் கேட்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாஸ்டருக்கு, பையன் பொறுப்பைக் கையில் எடுக்கிறான் என்று பெருமை.

அதற்குப் பிறகு ஒரு மாசம் இருக்கும், இன்னொன்று கேட்டான்.

"மாமா, என்னோட ஜெர்சிய நானே துவைச்சு எடுத்துட்டு வந்துடுறேன். எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

அன்றைக்கு ரப்பர் தட்டியை விலக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார் மாஸ்டர். "கேட்டியாய்யா, கேட்டியா. தன் துணிய தானே துவைக்கிறானாம். எந்த வாலிபன்யா இந்தக் காலத்துல சொல்றான்?"

"உம்ம சட்டம் என்ன ஆச்சு?"

"சட்டம் மத்தவனுக்கு. இவன் என் கையில வளந்தவன்."

மன்றத்தில் பெற்றவர்கள் கூட்டம் ஒன்று வந்தது. அதற்கு முந்தின நாள் ஒட்டடை தன் ஜெர்சியை மடித்து எடுத்து வந்தான். நாளைக்கு எல்லாருக்கும் காட்டப்போகிறேன், மடிப்பு நிற்கிற மாதிரி தேய்த்துக் கொடு என்று மாஸ்டர் அதை என்னிடம் நீட்டினார். பலகையில் விரித்தேன். இடது கையில், முழங்கை மடிகிற இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் வெளுத்துக் கிடந்தது.

"மாஸ்டர், இங்க பாருங்க. பிளீச் ஊத்தியிருக்கான்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டார்.

"என்னடா கறை இது?"

"ரத்தம் மாமா. போன வாரம் பந்தப் பிடிக்க விழுந்தேன்ல, முழங்கை தேஞ்சிடுச்சு."

"தேஞ்சா தேயட்டும். ரத்தத்துக்கு எவனாவது பிளீச் ஊத்துவானாடா? மாமன் சலவை ஆலையில இருக்கேன், நீ இப்படித் துவைச்சா ஊரு காறித் துப்பாது? காய விடாத. ஈரமா இருக்கும்போதே பச்சத் தண்ணில உப்புப் போட்டு ஊற வை. அரை மணி நேரம். அப்புறம் சோப்பு. கசக்காத, தட்டிக் குடு. இருந்த இடமே தெரியாது."

அவன் கவனமாகக் கேட்டான். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டான். "உப்பு எவ்வளவு மாமா?" என்று திருப்பியும் கேட்டான்.

கீழே விழுகிறவனுக்கு முழங்கையின் வெளிப்பக்கம்தான் தேயும். கறை இருந்தது உள்பக்கம். எனக்கு அது சுருக்கென்றது. சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் ரோலரில் ஒரு விரிப்பு சுருட்டிக்கொண்டது, ஓடினேன். திரும்பி வந்தபோது மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில் அந்த ஜெர்சியைத் தூக்கிப் பிடித்தார் மாஸ்டர், வெளுத்த இடம் உள்ளே போகும்படி மடித்து. "பாத்துக்குங்க. தன் துணிய தானே துவைக்கிற பையன் கெட்டுப்போக மாட்டான்" என்றார். தாய்மார்கள் கைதட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் பையில் விழுந்தது ஐந்து ஜெர்சி. மற்றவர்கள் எல்லாரும், நாங்களும் வீட்டில் துவைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் ஒன்றுகூட விழவில்லை. பையன்களுக்குப் பொறுப்பு வளர்ந்திருக்கிறது என்று மேடம் மேலதிகாரிகளுக்கு எழுதினார். மாஸ்டரும் அதைத்தான் நம்பினார்.

ஒட்டடையின் ஜெர்சி அதற்குப் பிறகு பளிச்சென்று வந்தது. எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. மாஸ்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தொழில் ரத்தத்துல இருக்குய்யா" என்பார்.

பத்து வாரம் போனது. ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, செல்போன் கடைக்குப் பின்னால் இருக்கும் கக்கூஸ் கதவை உடைத்து அவனை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை. தங்கச்சி ஹோட்டல் சீருடையோடு, கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றாள். நான் மாஸ்டரோடு போயிருந்தேன். டாக்டர் துணியை விலக்கிக் காட்டினார். இடது கை உள்பக்கம் முழுக்க ஊசி குத்தின தடம், பழசும் புதுசுமாக. ஐந்தாறு மாசத்துப் பழக்கம் என்றார்.

மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்து மடக்கினார், நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்பக்கம்யா."

நான் அந்தக் கை மேல் துணியை இழுத்து மூடினேன்.

"நீ பாத்தியா அன்னைக்கு?"

"பாத்தேன்."

"ஏன்யா சொல்லல?"

"ரோலர்ல விரிப்பு சுருட்டிக்கிச்சு மாஸ்டர்" என்றேன்.

அடக்கம் முடிந்து மூணாவது சனிக்கிழமை மைதானத்துக்குப் போனார். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பையை விரித்துப் பிடித்தார்.

"பழைய மாதிரி எல்லாம் இதுல போடுங்கப்பா."

யாரும் கழற்றவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மெக்கானிக் ஷாப் பையன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மோந்து பாக்குறீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

"யாருடா சொன்னது?"

"ஒட்டடைதான். அது ஆச்சு மூணு நாலு மாசம். வீட்டுலயே துவைச்சுட்டா மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுடான்னான். ரத்தக்கறை எடுக்குறது எப்படின்னு எங்களுக்கும் சொல்லிக் குடுத்தான்."

"எங்களுக்குன்னா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மற்ற எட்டுப் பேரில் யார் என்று அவன் சொல்லவில்லை. மாஸ்டர் கேட்கவும் இல்லை. ஒன்பது பேரும் சோப்பு வாசத்தோடு நின்றார்கள்.

அங்கிருந்து நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"உனக்கு ஊரான் வீட்டுப் பசங்க சட்டையெல்லாம் பேசுதுன்னு சொல்றாங்க அண்ணா" என்றாள். "என் புள்ள சட்ட மட்டும் ஏன் உன்கிட்ட ஒண்ணும் பேசல?"

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளும் அதை ஏற்றுக்கொண்டிருப்பாள். அண்ணனைத் தவிர அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? மாஸ்டர் என் கையை உதறினார்.

"பேசுச்சும்மா. கையில ரத்தம் இருந்துச்சு. நான் எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கல. எப்படி எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தேன்."

அவள் தைலப் பாட்டிலை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி திருகினாள். எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் வந்துவிட்டோம்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. திட்டக் காலம் முடிந்தது என்று மேடத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள், மன்றம் மறுபடி குடோன் ஆகிவிட்டது. நடுவில் இன்னும் ஒரு பையன் போனான், அந்த ஒன்பது பேரில் ஒருத்தன். மாஸ்டர் சனிக்கிழமை நாலு மணிக்கு இன்னமும் மைதானத்துக்குப் போகிறார். சில வாரம் நாலு பேர் வருகிறார்கள், சில வாரம் இரண்டு பேர். இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடுவது? ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பந்தை உதைத்துக்கொள்கிறார்கள். அவர் ஓரமாக ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்து, அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போதெல்லாம் எல்லாரும் முழுக்கைச் சட்டைதான் போட்டு வருகிறார்கள்.